உங்கள் கூடையில் எந்த ஊர்?

உள்ளூர்ச் சரக்கா, வெளிநாட்டுச் சரக்கா, எதை வாங்கினால் நியாயம் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

காஷ்மீர் ஆப்பிளா, நியூசிலாந்து ஆப்பிளா? நம் நாட்டுப் பழம் என்பதால் காஷ்மீர்தானே சரி?
– வங்கி ஊழியர், சென்னை

தோட்டக்காரருக்காக என்றால் காஷ்மீர். புகைக்காக என்றால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக, தோராயமாகச் சொன்னால், கப்பல் 10 முதல் 20 கிராம் கரியமில வாயுவைக் கக்குகிறது. லாரி சுமார் 100 கிராம். ஸ்ரீநகரிலிருந்து சென்னைக்கு லாரியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல். நியூசிலாந்திலிருந்து கடல்வழி சுமார் 12,000 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் அக்கம்பக்கத்தில்தான் வந்து நிற்கும். குளிர்பதனச் செலவையும் சேர்த்தால் இரண்டு பக்கமும் இன்னும் ஏறும்.

ஆனால் காஷ்மீர், இமாச்சலத் தோட்டக்காரர்களுக்கு ஆப்பிளை விட்டால் வேறு பிழைப்பு குறைவு. விலை மலிந்த இறக்குமதிப் பழம் குவிந்து அவர்கள் கொந்தளித்த பிறகுதான், கிலோ 50 ரூபாய்க்குக் குறைந்த விலையில் ஆப்பிளை இறக்கக் கூடாது என்று 2023 மே மாதம் அரசு விதி போட்டது. அந்த மலைக் குடும்பங்களை நினைத்து வாங்குங்கள். அது போதுமான காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனாலும் ஆப்பிள், பிள்ளை டிபன் பாக்ஸிலும் ஆப்பிள் என்று ஆகிவிட்டது. பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடிக் கொய்யா கூடை கூடையாக இறங்குகிறது. வைட்டமின் சி கணக்கில் கொய்யாவுக்குப் பக்கத்தில் ஆப்பிளை நிறுத்தவே முடியாது.

உள்ளூர் என்றால் எத்தனை கிலோமீட்டருக்குள்?
– கல்லூரி மாணவி, வேலூர்

எல்லைக்கோட்டை வைத்து அளந்தால் ஏமாந்து போவீர்கள். சென்னைக்குக் கோலார்த் தக்காளியும் மதனப்பள்ளித் தக்காளியும் 300 கிலோமீட்டருக்குள். ஒட்டன்சத்திரத் தக்காளிக்கு அதைவிடத் தூரம். முதல் இரண்டும் வெளிமாநிலம், மூன்றாவது நம் மாநிலம். வேலூரில் இருக்கும் உங்களுக்கு மதனப்பள்ளிதான் உள்ளூர். சாம்பார் வெங்காயம் பெரம்பலூரிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வரும். பெரிய வெங்காயத்துக்கு நாசிக் வரை போக வேண்டும்.

தூரம் குறைந்தால் சூழல் கெடுவதும் குறையும் என்பது எளிய கணக்குதானே? ஏன் சிக்கலாக்குகிறீர்கள்?
– பொறியாளர், கோவை

கணக்கு நான் போட்டதல்ல. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி, 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதன்படி உணவால் வரும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 6 சதவீதம் அளவுக்குத்தான். மீதியில் பெரும்பங்கு வயலிலும் தொழுவத்திலும் காடழிப்பிலும் உண்டாகிவிடுகிறது. எவ்வளவு தூரம் வந்தது என்று கேட்பதற்கு முன்னால், விளைந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். காட்டை வெட்டினார்களா, நிலத்தடி நீரை உறிஞ்சினார்களா, கூலியை ஒழுங்காகக் கொடுத்தார்களா? என் பதில்கள் எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன.

விமானம் மட்டும் விதிவிலக்கு. கப்பலில் 10, 20 கிராமில் முடிகிற வேலைக்கு விமானம் 500 கிராமுக்கு மேல், சமயத்தில் ஒரு கிலோ வரை கக்குகிறது. ஆகவே விமானத்தில் வந்த பழமா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள்.

அது விமானத்தில் வந்ததா, கப்பலில் வந்ததா என்று கடையில் யார் சொல்வார்கள்?
– ஓய்வுபெற்ற தபால்காரர், திருநெல்வேலி

யாரும் சொல்ல மாட்டார்கள். பழமே சொல்லும். நாலு நாளில் அழுகிவிடக்கூடியது, வேறு கண்டத்தில் விளைந்தது, யானை விலை விற்கிறது, மூன்றும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பறந்து வந்ததுதான். சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கிய பெர்ரிகளும் செர்ரிகளும் இந்த வகை. ஆப்பிள், கிவி, பேரீச்சை போன்றவை கெடாமல் தாங்கும், அவை கப்பலில் வரும். டப்பாவில் அடைத்த சரக்கு என்றால் விளைந்த நாட்டின் பெயரும் இறக்குமதியாளர் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். திருப்பிப் படித்துவிட்டு எடுங்கள். ஆனி, ஆடியில் நாவல்பழம் தெருவுக்கு வரும்போது புளூபெர்ரிக்கு என்ன அவசரம்?

ரேஷனில் வாங்கும் பாமாயில் காட்டை அழித்து வருகிறது என்று என் மகள் சண்டை போடுகிறாள். அதை வாங்குவது பாவமா?
– இல்லத்தரசி, அறந்தாங்கி

பாவம் உங்கள் அட்டையில் ஏறாது அம்மா. 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய். மாதக் கடைசியில் எண்ணெய்ச் சட்டி காயாமல் இருக்க அந்தப் பாக்கெட்தான் பல வீடுகளுக்குத் துணை. அதை வாங்கிக் குடும்பம் நடத்துகிறவரிடம் போய் யாரும் நியாயம் பேச வேண்டியதில்லை.

உங்கள் மகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அவளையும் அடக்கிவிடாதீர்கள். சுமத்ராவிலும் போர்னியோவிலும் மழைக்காடுகளை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டார்கள். உராங்குட்டான்கள் இருக்க இடமில்லாமல் போனது அப்படித்தான். உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. நாம் சமைக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி, திரும்பத் திறக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அப்போது இங்கே கடைக்குக் கடை விலை எகிறியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்படியானால் இங்கேயே எண்ணெய்ப்பனை நடலாமே என்பார்கள். நட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாயில் ஒரு தேசிய இயக்கத்தையே அறிவித்தார்கள். முக்கியமாக எங்கே தெரியுமா? வடகிழக்கு மாநிலங்களிலும் அந்தமானிலும், அதாவது நம்மிடம் மிச்சமிருக்கும் நல்ல காடுகளின் மடியில். போர்னியோவில் தப்பாக இருப்பது அருணாச்சலத்தில் சரியாகிவிடாது. உள்ளூர் என்ற முத்திரையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எண்ணெய்ப்பனையை அடியோடு விரட்டினாலும் வேறு சிக்கல் வரும். உலகத்தின் எண்ணெய்வித்து நிலங்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாவர எண்ணெயை அது தருகிறது. அவ்வளவு எண்ணெயை சோயாவில் எடுக்க வேண்டுமானால் அதைப் போலப் பல மடங்கு நிலம் வேண்டும். ஆகவே என் தீர்ப்பு: ரேஷன் எண்ணெய் தேவைப்படுகிறவர் கூசாமல் வாங்கட்டும். கையில் காசு இருக்கிறவர்கள் வீட்டுச் சமையலுக்கு நம் செக்கின் கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய்க்கு மாறட்டும். அளவையும் குறைக்கட்டும். ரேஷனிலேயே தேங்காயெண்ணெயும் கடலெண்ணெயும் கொடுங்கள் என்று நம் விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். உங்கள் மகள் கோபத்தை அந்தக் கோரிக்கையோடு சேர்த்துவிடுங்கள், பலன் கிடைக்கும்.

பெருங்காயத்துக்கு உள்ளூர் மாற்று உண்டா?
– சமையல் மாஸ்டர், மன்னார்குடி

இப்போதைக்கு இல்லை மாஸ்டர். ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து பிசின் வர வேண்டும், இங்கே மாவும் கோந்தும் சேர்த்துக் கட்டியாக்க வேண்டும். 2020 அக்டோபரில்தான் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் கன்றை நட்டார்கள். பால் எடுக்க ஐந்தாண்டாவது ஆகும் பயிர். ஒரு குண்டானுக்குச் சிட்டிகை போடுகிற சரக்குக்காக மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள்.

இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று கிலோ நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறேன். தூத்துக்குடி உப்பு கெட்டதா?
– யோகா ஆசிரியை, சேலம்

இல்லை. இந்துப்பு என்று இளஞ்சிவப்பாக விற்றது பெரும்பாலும் பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்து உப்பு. 2025 மே மாதம் அந்த நாட்டு இறக்குமதி முழுவதையும் இந்தியா நிறுத்திவிட்டது. அந்த நிறத்துக்குக் காரணம் இரும்புத் துகள். உப்பிலிருந்து ஒரு வேளைக்குக் கிடைக்கும் இரும்பு ஒரு பிடி முருங்கைக்கீரை முன்னால் ஒன்றுமே இல்லை. அயோடின் சேர்த்த தூத்துக்குடி உப்பை வாங்குங்கள், தொண்டைக்கழலை வராது.

வாங்கும்போது அந்த உப்பு வாரியவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூசிக் கூசிப் பார்வை மங்குகிறது. உப்புநீரிலேயே நின்று காலில் புண் ஆறுவதில்லை. மழைக்காலத்தில் வேலையே கிடையாது. நாலு தெரு தள்ளி விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் நியாயமானதாக ஆகிவிடுவதில்லை. அந்தத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் நாம் பேச வேண்டும்.

வ.உ.சி. பிறந்த மண்ணில் வெளிநாட்டுச் சரக்கை நியாயப்படுத்தலாமா?
– தமிழாசிரியர், ஓட்டப்பிடாரம்

ஐயா, வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது கடல் வாணிபம் வேண்டாம் என்பதற்காக அல்ல, அது நம் கையிலும் இருக்க வேண்டும் என்பதற்காக. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது அவரும் சுப்பிரமணிய சிவாவும் எதற்காக நின்றார்கள்? தொழிலாளியின் கூலி உயர்வுக்கும் வாராந்திர விடுமுறைக்கும். அந்த ஆலை தூத்துக்குடியில்தான் இருந்தது, நூற்றதும் நம் ஆட்கள்தான். லாபம் யாருக்கு, வியர்வை யாருக்கு என்று அவர் கேட்டார். கடைக்குப் போகும்போது நாமும் அதையே கேட்போம்.

பண்ருட்டி முந்திரி வாங்கினால் உள்ளூர்க் கணக்கில் சேருமா?
– இனிப்புக் கடைக்காரர், விழுப்புரம்

பாதி சேரும். பண்ருட்டியைச் சுற்றி முந்திரிக்காடு இருக்கிறது. ஆனால் இந்திய ஆலைகள் உடைக்கிற கொட்டையில் பாதியோ அதற்கு மேலோ ஐவரி கோஸ்ட், கினி-பிசாவு, தான்சானியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. மூட்டையாக வந்த கொட்டை நம் ஊரில் பருப்பாகி வெளியே போகிறது.

எந்த நாட்டுக் கொட்டையாக இருந்தாலும் உடைக்கும் கை நம் ஊர்ப் பெண்ணின் கை. முந்திரி ஓட்டுக்குள் ஒரு பால் இருக்கிறது. பட்ட இடத்தில் தோல் வெந்துவிடும். விரல் நுனியெல்லாம் கறுத்து உரியும். விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு வேலைக்கு உட்காருகிறார்கள். உடைத்ததைச் சூளையில் காயவைத்து, பழுப்புத் தோலை நகத்தால் கீறி உரித்து, முழுசு தனி, பாதி தனி, குருணை தனி என்று பிரிக்க வேண்டும். டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 240 பருப்பு, டபிள்யூ 320 என்றால் 320. பருப்பு பெரிதாகவும் உடையாமலும் இருந்தால்தான் விலை. பருப்பை உடையாமல் எடுக்கிற அந்தக் கைகள் வேக வேண்டியதில்லை. கையுறை, முகமூடி, காற்றோட்டம் எல்லாம் முடியாத காரியமல்ல. மொத்தமாக வாங்குகிற உங்களைப் போன்ற கடைக்காரர்கள் ஆலைக்கு நேரே போய், 'கையுறை கொடுக்கிறீர்களா?' என்று கேட்டால் எங்கள் பத்து கட்டுரையைவிட அது வேலை செய்யும். கேளுங்கள்.

இனிப்பில் முழுசுதான் வேண்டுமென்று பிடிவாதம் வேண்டாம். காஜு கத்திலிக்கு அரைக்கத்தானே போகிறீர்கள்?

துவரம்பருப்பு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறதாமே. புறக்கணிக்கலாமா?
– விவசாயி, எட்டயபுரம்

வேண்டாம். 2016-இல் இந்தியா மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னில் தொடங்கி இரண்டு லட்சம் டன் துவரை வாங்கிக்கொள்கிறோம் என்றது. அங்கே அதை விளைப்பவர்கள் மண்வெட்டியோடு நிற்கிற சிறு விவசாயிகள். நமக்காகவே விளைத்தார்கள். இங்கே விளைச்சல் பெருகியதும் 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டது. மொசாம்பிக் சந்தையில் துவரை விலை சரிந்தது. அந்த வீடுகளில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விலை விழுந்த நாளில் களத்து மேட்டில் நிற்பது எப்படியென்று கரிசல்காட்டு விவசாயிக்குத் தெரியும்.

இங்கே துவரைக்கு நியாய விலை கிடைத்து நீங்கள் கூடுதலாக விதைத்தால், அதை வாங்குவதுதான் எங்கள் முதல் கடமை. போதாதபோது அங்கிருந்து வரட்டும். அறுவடை நேரம் பார்த்து வரியில்லாத பருப்பை இறக்கி உங்கள் விலையை அடிப்பதுதான் அநியாயம். அதைச் செய்வது அரசின் கொள்கை. மொசாம்பிக் விவசாயிக்கு அதில் பங்கில்லை.

லண்டனில் இருக்கிறேன். குளிர்காலத்தில் இங்கிலாந்துத் தக்காளியா, ஸ்பெயின் தக்காளியா? முருங்கைக்காயை விட்டுவிட வேண்டுமா?
– மருத்துவமனை ஊழியர், ஈஸ்ட்ஹாம்

குளிர்காலத்தில் ஸ்பெயின். எரிவாயு எரித்துச் சூடேற்றும் கண்ணாடிக்கூடத்தில் விளைந்த உள்ளூர்த் தக்காளியைவிட, வெயிலில் விளைந்து லாரியில் வரும் ஸ்பெயின் தக்காளிக்குக் கரி குறைவு என்று பிரிட்டன் அரசு செய்யச் சொன்ன ஆய்வுகளே காட்டின. கோடையில் உள்ளூர். ஸ்பெயினின் அல்மேரியாப் பக்கம் பிளாஸ்டிக் கூடாரங்களில் வேலை பார்க்கும் வெளிநாட்டுக் கூலியாட்கள் படும் பாடு தனிக் கதை. அதனால் ஸ்பெயின் தக்காளிக்கும் நான் முழு மதிப்பெண் போட மாட்டேன்.

அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் உங்களுக்குக் கப்பலில் வருகின்றன. தாராளமாகச் சாப்பிடுங்கள். பச்சை முருங்கைக்காயும் வாழையிலையும் விமானத்தில் பறந்து வருகின்றன. முருங்கைக்காய் உறையவைத்த பாக்கெட்டில் கப்பலில் வருகிறது, சாம்பாருக்கு அது போதும். வாழையிலையைப் பொங்கலுக்கும் திருமணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக்கு ஜன்னலோரம் ஒரு தொட்டி.

உங்கள் ஊரில் இதைவிடக் கடினமான கேள்வி கென்யா பீன்ஸ். அது விமானத்தில் வருகிறது, கரி அதிகம். ஆனால் அதை நம்பி ஆப்பிரிக்காவில் பல லட்சம் பேர் பிழைக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் ஒருவர் ஆண்டு முழுவதும் விடும் புகை, லண்டன்காரர் ஒருவர் விடும் புகையில் சிறு பங்குதான். அவர்கள் வயிற்றில் அடித்து நம் கணக்கைச் சரிசெய்வதை என் மனம் ஒப்பவில்லை. பீன்ஸை வாங்குங்கள். வீணாக்காதீர்கள். கரியைக் குறைக்க வேண்டுமானால் முதலில் மாட்டிறைச்சியையும் தேவையில்லாத விமானப் பயணத்தையும் குறையுங்கள்.

அவகாடோ சாப்பிடுவது குற்றமா?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்து நிழலில் பட்டர் ஃப்ரூட் காய்க்கிறது. பருவத்தில் அதை வாங்குங்கள், குற்றமே இல்லை. கடையில் நேந்திரத்துக்கும் பூவனுக்கும் நடுவில் அதே மலையின் விருப்பாச்சி மலைவாழை என்று ஒன்று சின்னதாக, கறுத்த தோலோடு இருக்கும். அதையும் இரண்டு சீப்பு எடுங்கள். முடிக்கொத்து நோய் வந்து அந்த மலையில் அழிந்தே போக இருந்த வாழை அது. வாங்க ஆளிருந்தால்தான் தோட்டத்தில் நிற்கும்.

ஓட்ஸா, சாமையா?
– சர்க்கரை நோயாளி, தருமபுரி

தருமபுரியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? சாமைதான். கொல்லிமலை, ஜவ்வாது மலைச் சரிவுகளில் மோட்டார் இல்லாமல் வானம் பார்த்து விளைவது. முன்பெல்லாம் உமி நீக்கப் பெண்கள் உலக்கை பிடித்துச் சோர்ந்துபோனார்கள், அதனாலேயே வீடுகளில் சாமை குறைந்தது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோனது அந்தச் சுமையைக் குறைத்தது. அளவோடு சாப்பிடுங்கள், சாமையிலும் மாவுச்சத்து உண்டு.

ஆர்கானிக் கடையில் உள்ளூர்த் தக்காளி வாங்கப் போகிறேன். இது சரிதானே?
– தொழிலதிபர், மதுரை

எதில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காரில் ஐந்து கிலோமீட்டர் போய் ஒரு கிலோ வாங்கிவந்தால், போகவர ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு. அந்தத் தக்காளி நியூசிலாந்திலிருந்து கப்பலில் வந்திருந்தால்கூட அவ்வளவு ஆகாது. வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாக வாங்குங்கள், அல்லது தெருவில் வண்டி தள்ளி வருகிறவரிடம் வாங்குங்கள்.

மீனில் உள்ளூர், வெளியூர் பார்க்க வேண்டுமா?
– மீன் பிரியர், புதுச்சேரி

கட்டாயம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் சினைபிடிக்கும் காலம். நாட்டுப்படகும் கட்டுமரமும் போகலாம். அந்த இரண்டு மாதம் கரையோரம் அவர்கள் கொண்டுவரும் சாளை, நெத்திலி, காரப்பொடியை வாங்குங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். குளிரூட்டி விமானத்தில் வரும் நார்வே சால்மனில் இருக்கும் நல்ல கொழுப்பு நம் சாளையிலும் இருக்கிறது.

குழந்தைகளுக்குச் சாக்லேட் வாங்கித்தர மனசு வரவில்லை. கொக்கோத் தோட்டத்தில் சிறுவர்கள் வேலை செய்கிறார்களாமே?
– தாய், ஈரோடு

உண்மைதான். ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாட்டுக் கொக்கோ வேலையில் சுமார் 15.6 லட்சம் சிறுவர்கள் என்று 2020-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. அதில் சாக்லேட் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். விலை கூடுதல். மாதம் நாலு பட்டையை ஒரு பட்டையாக்கி நல்லதாக வாங்கிக்கொடுங்கள். கடலைமிட்டாய்க்கு நம் கோவில்பட்டி இருக்கிறது.

எங்களுக்கு விலைதான் நியாயம். நீங்கள் சொல்வதெல்லாம் வசதியானவர்களுக்கு.
– கட்டடத் தொழிலாளி, திருப்பூர்

உங்கள் கோபம் சரி. நாள் கூலியில் வாழ்கிறவர் மலிந்ததை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. மலிவும் நியாயமும் ஒரே இடத்தில் சேர நம் மாநிலத்தில் ஒரு வழி உண்டு. அது உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி மட்டும்தான் கடை போடலாம். தராசு அங்கேயே தருவார்கள். வாசலில் பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். மொத்த விலையைவிட விவசாயிக்குக் கூடுதலாக, சில்லறை விலையைவிட நமக்குக் குறைவாக இருக்கும்படி அதை வைப்பார்கள். விடியற்காலை போனால் பறித்த ஈரத்தோடு கீரை கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியில் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

வாங்கியதை வீணாக்குவது இந்தக் கணக்கில் வருமா?
– விடுதிக் காப்பாளர், சிதம்பரம்

முதல் வரியிலேயே வரும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி நம் நாட்டு வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது. அழுகிப்போன உள்ளூர்க் கத்தரிக்காயைவிடத் தின்று முடித்த வெளிநாட்டுக் கிவி மேல்.

எங்கள் வீட்டு இட்லிக்குப் பர்மா உளுந்து போடுகிறோம் என்று கடைக்காரர் சொன்னபோது அதிர்ந்துவிட்டேன். டெல்டாவில் இருந்துகொண்டு இது என்ன கொடுமை?
– ஓய்வுபெற்ற செவிலியர், திருவாரூர்

கொடுமை என்று நானும் சொல்வேன். இந்தியாவுக்கு வரும் உளுந்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாகப் பர்மாவிலிருந்துதான். 2021-இல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்துக்கு அந்த நாட்டோடு ஒப்பந்தமும் போட்டோம். அதே ஆண்டு பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அங்குள்ள விவசாயியின் மேல் எனக்கு வருத்தமில்லை. நம் கண்ணெதிரே ஒரு நல்ல பழக்கம் நழுவுவதுதான் வருத்தம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தை மாதம் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நெற்கதிர் நின்றுகொண்டிருக்கும் வயலிலேயே உளுந்தைத் தூவிவிடுவார்கள். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும், காலை வைத்தால் பதிய வேண்டும், ஒட்டக் கூடாது. நெல்லை அறுக்கும்போது தாள் நடுவே இரண்டு இலை விட்டு உளுந்து எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு ஏர் கிடையாது, பாசனம் கிடையாது. நெல் விட்டுப்போன ஈரமும் ராத்திரிப் பனியும்தான். ஆடுதுறை 3 போன்ற ரகங்களை இந்த நெல் தரிசுக்கென்றே உருவாக்கினார்கள். பூக்கும்போது டி.ஏ.பி. கரைசல் ஒரு தெளிப்பு, இரண்டு தெளிப்பு. வேரில் தழைச்சத்தைச் சேர்த்து அடுத்த நெல்லுக்கும் உரம் வைத்துவிட்டுப் போகும். தூரம், தண்ணீர், மண், விவசாயி வருமானம், எதைக் கொண்டு அளந்தாலும் இதைவிடச் சுத்தமான உணவு உலகத்தில் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

பிறகு ஏன் குறைந்தது? அறுவடை எந்திரம் வந்தது. அதன் சக்கரத்தில் முளைத்த உளுந்து நசுங்கியது. கையறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. காவிரித் தண்ணீர் தள்ளிப்போய் நடவு தள்ளிப்போனால் உளுந்துக்கு ஈரம் மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் தாண்டி விளைத்துக் கொண்டுவந்தால், அதே பங்குனியில் துறைமுகத்தில் கப்பல் நிற்கும். வியாபாரி கப்பல் விலையைச் சொல்லி மூட்டையைத் தள்ளிவிடுவார்.

நாம் வாங்க நின்றால் இந்தப் பயிர் நிற்கும். பங்குனி, சித்திரையில் புது உளுந்து வரும். தோல் உளுந்தாக வாங்கி நாலு நாள் வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு வைத்தால் மாதக்கணக்கில் வண்டு வராது. இப்போதே உங்கள் மளிகைக்கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள்: 'அண்ணாச்சி, இந்த வருசம் எங்களுக்குத் தஞ்சாவூர், திருவாரூர் உளுந்துதான் வேணும், மூட்டை வந்ததும் சொல்லுங்க.' பத்து வீட்டார் சொன்னால் அவர் மண்டியில் கேட்பார். அவர் கேட்டால் மண்டிக்காரர் வயலுக்கு வருவார். கேட்கத் தொடங்குங்கள்.